1896-க்கு முன்பே இருந்த பிரிவினை

ஆசிரியருக்கு,

மாணவர் பக்கக் கட்டுரையில், அமெரிக்க இனப் பிரிவினையை அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் 1896-ம் ஆண்டு பிளெஸ்ஸி – ஃபெர்குசன் தீர்ப்புதான் தொடங்கி வைத்தது என்று இருந்தது. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் இதை அப்படியே மனப்பாடம் செய்துவிடுவார்கள்.

ரயிலில் வெள்ளையருக்கும் கருப்பினத்தவருக்கும் தனித்தனிப் பெட்டி என்ற சட்டத்தை லூசியானா மாநிலம் 1890-லேயே போட்டுவிட்டது. மாறி உட்கார்ந்தால் 25 டாலர் அபராதம், இல்லையேல் 20 நாள் வரை சிறை. அதில் ஒரு விதிவிலக்கும் உண்டு: வேற்றினக் குழந்தையைக் கவனிக்கும் தாதிக்கு இது பொருந்தாது. வெள்ளைக் குழந்தையை மடியில் வைத்திருக்கும் கருப்பினப் பெண் வெள்ளையர் பெட்டியில் உட்காரலாம். பெற்ற பிள்ளையோடு வந்தால் இறங்கியாக வேண்டும். ஒரே பெட்டியில் சேர்ந்து போனால் ஆகாது என்ற வாதமெல்லாம் இந்த ஒரு வரியில் உடைந்துபோகிறது. வகுப்பில் முதலில் காட்ட வேண்டியது இதைத்தான்.

1896-ல் உச்ச நீதிமன்றம் 7-க்கு 1 என்ற கணக்கில் அந்தச் சட்டம் செல்லும் என்றது. பெட்டிகள் சமமாக இருந்தால் போதுமாம். அந்தச் சமமும் மூன்றே ஆண்டில் போயிற்று. ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு கவுண்டியின் (நம் மாவட்டம் போன்றது) பள்ளி வாரியம், தொடக்கப் பள்ளிக்கு இடமும் பணமும் போதவில்லை என்று கருப்பினத்தவரின் உயர்நிலைப் பள்ளியை மூடியது. வெள்ளையர் பள்ளிக்குப் பணம் தொடர்ந்து போனது. 1899-ல் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. அந்தத் தீர்ப்பை எழுதியவர், 1896-ல் தனியொருவராக எதிர்த்து நின்ற அதே நீதிபதி ஹார்லன். படிக்கும்போதெல்லாம் மனது வலிக்கிறது. 1954-ல்தான் பள்ளிப் பிரிவினை செல்லாது என 9 நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள்.

மதுரைப் பிள்ளைகளுக்கு விளங்கவைக்க நம் பக்கத்திலேயே ஒரு வழக்கு இருக்கிறது. 1897-ல் கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்ததை எதிர்த்து ராமநாதபுரம் சேதுபதி தொடுத்த வழக்கு, மதுரை சார்பு நீதிமன்றத்தில் தொடங்கி, சென்னை உயர் நீதிமன்றம் போய், 1908-ல் அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலில் முடிந்தது. லூசியானாவைப் போல இங்கே தனிச் சட்டம் எதுவும் கிடையாது. காலங்காலமாக இருந்த வழக்கம் என்பதை வைத்தே மூன்று இடத்திலும் நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்பானது. ஊர் வழக்கம், வேறு வழக்குகளில் எடுத்துக்காட்டக்கூடிய முன்தீர்ப்பாகிவிட்டது.

1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர், பட்டியல் சமூகத்தவர் ஐவரையும் நாடார் ஒருவரையும் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துப் போனபோது, அந்தத் தீர்ப்பைக் காட்டி, அவர்களை அனுமதித்த கோயில் நிர்வாகிகள்மீது வழக்குப் போட வழியிருந்தது. அதனால்தான் ராஜாஜி அரசு உடனே அவசரச் சட்டம் போட்டது. பின்னர் வந்த சட்டத்தின் பெயரிலேயே நுழைவு அனுமதியோடு அந்த நிர்வாகிகளுக்கான பாதுகாப்பும் சேர்ந்திருக்கிறது. பாடங்களில் ஐயர் பெயரும் தேதியும் வருகின்றன. 1908 தீர்ப்பு வருவதில்லை.

1896 பற்றிய வரியைத் திருத்தி வெளியிடும்படியும், கமுதி வழக்குக்கு மாணவர் பக்கத்தில் ஒரு நாள் இடம் ஒதுக்கும்படியும் கேட்டுக்கொள்கிறோம்.

– வரலாற்று ஆசிரியர்கள் சிலர், அனுப்பானடி, மதுரை