அம்முவுக்கு, கல்யாண வேலைகளுக்கு நடுவே

அன்புள்ள அம்மு,

நேற்று மேடை அலங்காரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தவள், திடீரென்று "எதுவுமே வேண்டாம்மா, ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டு வந்துடலாம்" என்றாய். குரலே சரியில்லை. இதைப் போனில் பேச ஆரம்பித்தால் நடுவில் உனக்கு மீட்டிங் வந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

நிஜமாகவே உங்கள் இருவருக்கும் அதுதான் விருப்பம் என்றால் எங்களுக்கும் சம்மதம். ஊர் என்ன சொல்லும் என்று அப்பா ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனால் நேற்று பேசியது விருப்பம் மாதிரித் தெரியவில்லை, அலுப்பு மாதிரி இருந்தது. நன்றாகத் தூங்கி எழுந்து, மாப்பிள்ளையோடு உட்கார்ந்து பேசிவிட்டுச் சொல். எப்படிச் செய்தாலும் பதிவு செய்துதான் ஆக வேண்டும். தமிழ்நாட்டில் 2009-ஆம் வருடச் சட்டப்படி, கல்யாணம் முடிந்து 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். ஊருக்குக் கிளம்புவதற்கு முன்பே அதை முடித்துவிடலாம். அதற்கு வேண்டிய பேப்பர்களை அப்பா தனி ஃபைலில் போட்டு வைத்துவிட்டார்.

நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். தாம்பூலப் பையின் நிறத்திலிருந்து தாலிக்கொடி வரைக்கும் எல்லாம் ஒரே வரிசையில் இருக்கிறது. உன் நிம்மதி போவது அங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது. எது உன் மனசுக்கு வேண்டியதோ அதை மட்டும் நீ வைத்துக்கொள். சின்ன வயதிலிருந்து உன்னைப் பார்க்கிறவள் என்பதால் சொல்கிறேன், அது புடவையும் நாதஸ்வரமும்தான். மண்டபம், சமையல், பத்திரிகை வைப்பது, உறவுக்காரர்களின் கோபதாபம் எல்லாம் எங்கள் வேலை. யாராவது உன்னிடம் நேராகக் கேட்டால், "அம்மாகிட்ட கேளுங்க" என்று சொல்லிவிடு. அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

புடவைக்குப் போனில் படம் பார்த்தது போதும். பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடும். அடுத்த முறை வரும்போது ஒருநாள் காஞ்சிபுரம் போய்விட்டு வருவோம். கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு தறி வீட்டில் கொஞ்ச நேரம் உட்காரு. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று நீ கேட்கிறாயே, அதைக் கோர்வை என்பார்கள். அதற்கு மூன்று நாடா, அதாவது குறுக்கு நூலைக் கொண்டுபோகிற கட்டை, ஓட வேண்டும். நெசவாளர் ஒரு பக்கம், துணைக்கு ஒருவர் மறுபக்கம் இருந்து நாடாவை வாங்கி வாங்கித் திருப்பித் தர வேண்டும். ஒவ்வொரு இழையிலும் கரை நூலும் உடல் நூலும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். நீளவாட்டில் ஓடுகிற நூலைப் பாவு என்பார்கள்; முந்தானை சேரும் இடத்தில் உடலின் பாவு நூலோடு முந்தானையின் பாவு நூலை ஒவ்வொன்றாகச் சேர்ப்பார்கள். அதுதான் பேட்னி. விரலால் தடவிப் பார்த்தால் அந்த இடம் தெரியும். இதையெல்லாம் நேரில் பார்த்துவிட்டு நீ எடுக்கிற புடவை உனக்குப் பிடிக்காமல் போகவே போகாது.

மேளக்காரர்களிடம் நீயே பேசு. ஊஞ்சலுக்கு என்ன வேண்டும், மாலை மாற்றும்போது என்ன வேண்டும் என்று முன்கூட்டியே சொன்னால் அவர்களுக்கும் சந்தோஷமாக இருக்கும். நல்ல வித்வான்கள், கேட்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் இன்னும் நன்றாக வாசிப்பார்கள். பாட்டுப் பெட்டி மட்டும் வேண்டாம். கெட்டிமேளம் என்பது சாஸ்திரிகள் கை காட்டிய அந்த நொடியில் தவில் எழும்ப வேண்டிய விஷயம். அதற்கு ஆள்தான் வேண்டும்.

அப்புறம், போட்டோ எடுக்கிறவர்களிடம் இப்போதே ஒன்றைச் சொல்லிவிடு. இந்தக் காலத்தில் தாலி கட்டும் நேரத்தில் மணவறையை மறைத்துக்கொண்டு ஐந்தாறு பேர் நின்றுவிடுகிறார்கள். பெரியவர்கள் போடுகிற அட்சதை அவர்கள் முதுகில்தான் விழுகிறது. பாட்டி முதல் வரிசையில் உட்காரப்போகிறாள். அவள் கண்ணுக்கு உன் முகம் தெரிய வேண்டும். படம் ஒன்று இரண்டு குறைந்தாலும் பரவாயில்லை.

பணத்தைப் பற்றியும் கேட்டிருந்தாய். நாங்கள் ஒதுக்கி வைத்ததற்கு மேல் போக மாட்டோம், கடனும் வாங்க மாட்டோம். சம்பந்தி வீட்டிலும் பேசியாகிவிட்டது, அவர்களும் நம்மை மாதிரித்தான். அந்தக் கவலை உனக்கு வேண்டாம்.

ராத்திரி பத்து மணிக்கு மேல் கல்யாணப் பேச்சு வேண்டாம் என்று நீங்கள் இருவரும் ஒரு முடிவு எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கு முன்னால் கிடைக்கிற இந்த மாதங்களில், பட்டியலைத் தவிரவும் நீங்கள் பேசிக்கொள்ள எவ்வளவோ இருக்கும்.

சமையல்காரர் இலைக் கணக்கு கேட்கிறார். உன் ஆபீஸ் பக்கமிருந்து எத்தனை பேர் வருவார்கள் என்று மட்டும் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடு. பாயசம் எது என்று நான் முடிவு செய்துகொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா