செம்போத்து அல்ல, வலசை வந்த குயில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் 'கொண்டை வைத்த செம்போத்து' என்ற குறிப்புடன் வந்த படத்தில் இருப்பது செஞ்சிறகுக் கொண்டைக்குயில். இமயமலை அடிவாரக் காடுகளிலும் வடகிழக்கிலும் கோடையில் இனப்பெருக்கம் முடித்து, அக்டோபர் முதல் ஏப்ரல் வரை தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தங்கும் வலசைப் பறவை அது.

அளவை வைத்துப் பிரிக்க முடியாது. நீண்ட வாலோடு சேர்த்தால் இக்குயில் 45 செ.மீ. வரை இருக்கும், செம்போத்து ஏறக்குறைய 48 செ.மீ. இரண்டுக்கும் சிறகு செம்பழுப்பு. பிடரியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கருந்தலைக்கும் மினுங்கும் கருமுதுகுக்கும் நடுவே வெள்ளைப் பட்டை தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், குயில்தான். தொண்டை துரு நிறம், வயிறு வெண்மை, அலகு மெலிவு. செம்போத்துக்கு உடல் முழுக்கக் கருப்பு, கண் இரத்தச் சிவப்பு, அலகு தடிப்பு. கொண்டையை மட்டும் நம்பக் கூடாது. இக்குயிலின் இளம் பறவைக்கு அது குட்டை. அதன் பிடரிப் பட்டையும் மங்கலாகவே இருக்கும், தொண்டையில் துரு நிறமும் இராது. ஆனால் முதுகு இறகுகளின் வெளிர்பழுப்பு விளிம்பு செதில் செதிலாகத் தெரியும். இளம் செம்போத்துக்கோ சிறகில் கருங்கோடுகள் ஓடும்.

செம்போத்து தரையில் நடந்து இரை தேடும். இக்குயில் மரங்களின் இலையடர்விலும் கொடிப்பின்னலிலும் கம்பளிப்புழுக்களைப் பொறுக்கும். குளிர்காலத்தில் பெரும்பாலும் குரல் கொடுக்காது. எனவே கைப்பேசியில் குரலை ஒலிக்கவிட்டு அழைப்பது வீண். மற்ற பறவைகளுக்கும் தொல்லை.

தவிட்டுக்குருவிகள் ஒரு குயில் குஞ்சுக்கு இரை ஊட்டும் படங்களையும் சிலர் இதன் பெயரில் பதிகிறார்கள். சிறகில் வெள்ளைத் திட்டு தெரிந்தால் அது சுடலைக்குயிலின் குஞ்சு. கொண்டைக்குயில் முட்டையிடுவது வடக்கே, சிரிப்பான் என்னும் பறவைகளின் கூடுகளில்.

தயவுசெய்து திருத்தம் வெளியிடுங்கள். படம் அனுப்பும் வாசகர்களிடம் பிடரி தெரியும் பக்கவாட்டுப் படமும், பார்த்த தேதியும் இடமும் கேளுங்கள். இலையுதிர் பருவத்தில் முதலில் தென்பட்ட நாளும், கோடை தொடங்கும்போது கடைசியாகத் தென்பட்ட நாளும் வலசையை அறிய மிகவும் தேவை. ஆண்டு முழுக்க இங்கேயே இருக்கும் செம்போத்தின் கணக்கில் எழுதப்பட்டால் அந்தத் தேதிகளால் யாருக்கும் பயனில்லை.

இப்படிக்கு,
பறவை நோக்கர் ஒருவர்,
நாகப்பட்டினம் மாவட்டம்