ஐந்து நாள் லீவில் ஸ்பிட்டி வேண்டாம்டா

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஏழு மாதமாக உனக்கு ஒரு கடிதம்கூட எழுதவில்லை. தப்புதான். தங்கச்சியையும் பாப்பாவையும் கேட்டதாகச் சொல், மற்ற நலமெல்லாம் அடுத்த கடிதத்தில். நேற்று ஒட்டகம் போனில் ஒரு செய்தி சொன்னான். அதனால்தான் ராத்திரியே உட்கார்ந்து எழுதுகிறேன். நீ, அவன், குருவி மூன்று பேரும் இந்த மாதக் கடைசியில் இமாச்சலத்து மலைப் பள்ளத்தாக்கான ஸ்பிட்டி போகிறீர்களாம். மொத்தம் ஐந்து நாள் லீவாம். மணாலியில் கார் எடுத்து ஒரே நாளில் அங்கே உள்ள காஜா ஊராம். யார் போட்ட திட்டம் இது? குருவிதானே? அன்றைக்கு ஏரிக்கரையில் குறுக்கு வழி காட்டியவனும் அவன்தான், மறந்துவிட்டாயா?

நான் அங்கிருந்து திரும்பி மூன்று வாரம்தான் ஆகிறது. உன்னிடம் சொல்லாமல் போனதற்கு நீ திட்டுவாய், திட்டு. ஆனால் முதலில் இதைக் கேள்.

மணாலி இரண்டாயிரம் மீட்டர் உயரம். காஜா 3,650. நடுவில் குன்சும் கணவாய் 4,551 மீட்டர். காலையில் போட்ட காபி ஆறுவதற்குள் என்பதுபோல அடல் சுரங்கம் தாண்டிவிடலாம், அது 2020-இல் திறந்ததிலிருந்து எல்லோருக்கும் அந்த அவசரம் வந்துவிட்டது. கார் ஏறிவிடும். உடம்பு ஏறாதுடா. காஜாவில் காற்றழுத்தம் நாம் பழகியதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. ஒவ்வொரு மூச்சிலும் அந்த அளவுக்குத்தான் பிராணவாயு. அதற்குப் பழக உடம்புக்கு நாள் வேண்டும், மணிக்கணக்கு போதாது. மூவாயிரம் மீட்டருக்கு மேலே போனால், தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு ஐந்நூறு மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பதுதான் மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. உங்கள் திட்டத்தில் முதல் ராத்திரியே அது போயிற்று.

நான் மணாலி வழியை விட்டு, சிம்லாவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கின்னோர் மாவட்டம் வழியாகப் போனேன். எல்லாம் அரசு பஸ். சிம்லாவிலிருந்து ரெக்காங் பியோ. அங்கிருந்து டவுன் பஸ் மாதிரி ஓடும் வண்டியில் கல்பா, 2,960 மீட்டர். ஜன்னலைத் திறந்தால் எதிரே கின்னர் கைலாச மலை. அங்கே இரண்டு ராத்திரி. அப்புறம் தாபோவில் இரண்டு ராத்திரி, 3,280. அப்புறம்தான் காஜா. பஸ் வசதிப்படி போட்ட திட்டம் அது, உடம்புக்காகப் போட்டதல்ல. ஆனால் உடம்புக்கு அதைவிடப் பொருத்தமான படிக்கட்டு யாராலும் கட்ட முடியாது.

பியோவிலிருந்து காஜா போகும் பஸ்ஸைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். விடியற்காலையில் கிளம்புகிறது, போய்ச் சேர முழுப் பகலும் ஆகிறது. கண்டக்டர் விசில் ஊதித்தான் வண்டியை நிறுத்துகிறார். அறுவடைக் காலம் என்பதால் நடைபாதையெங்கும் பச்சைப் பட்டாணிக்கான காலிச் சாக்குக் கட்டு. என் பக்கத்தில் உட்கார்ந்த பாட்டி ஒரு கையில் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே இன்னொரு கையால் என் பையைப் பிடித்துக்கொண்டார், வளைவுகளில் அது விழாமல் இருக்க. காப் என்ற இடத்தில் ஸ்பிட்டி ஆறு சட்லெஜில் வந்து விழுகிறது. அதற்கு அப்புறம் மலையில் மரத்தைப் பார்ப்பதே அரிது, மண்ணும் பாறையும்தான். மாலிங் பக்கம் மலையிலிருந்து கல் உருண்டுகொண்டே இருந்தது. நான்கு மணி நேரம் நின்றோம். ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. கண்டக்டர் இறங்கிப் போய் மலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். கல் விழுவது நின்ற பிறகும் அவர் இன்னும் கொஞ்சம் பொறுத்துத்தான் விசில் ஊதினார். அந்த விசிலை நான் முழுசாக நம்பினேன்.

தாபோ பௌத்த மடத்துக்குள் இருட்டு. கண் பழகப் பழகச் சுவரெல்லாம் ஓவியமும் சுதைச் சிற்பமும் எழுந்து வரும். கி.பி. 996-இல் கட்டியது. ராஜராஜன் காலம் என்று கணக்குப் போட்டுப் பார்த்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது. காஜா போகும் வழியில் ஷிச்லிங்கில் இறங்கி, பையை ஒரு வீட்டில் வைத்துவிட்டு, தங்கர் வரை நடந்தேன். 3,894 மீட்டர். ஸ்பிட்டியின் பழைய தலைநகரம் அது, செங்குத்தான மண்முகட்டில் தொற்றிக்கொண்டு நிற்கிறது. சாயங்காலம் இறங்கி வந்து காஜா பஸ்ஸைப் பிடித்தேன். மேலே ஏறு, கீழே வந்து தூங்கு. இது ஒன்றை மட்டும் மனசில் வை.

காஜாவில் மூன்று நாள் சும்மா திரிந்துவிட்டு, மேலே உள்ள கிப்பர் கிராமத்துக்குப் போனேன். அந்த பஸ் சாயங்காலம் ஏறுகிறது, மறுநாள் காலையில் இறங்குகிறது, ஊர்க்காரர்கள் காஜாவில் வேலை முடித்துத் திரும்புவதற்காக. நாம்தான் அவர்கள் நேரத்துக்கு ஒத்துப்போக வேண்டும். கிப்பரிலிருந்து சிச்சம் பாலத்துக்கு நடந்தேன். 2017-இல் திறந்த பாலம். அதற்கு முன்னால் அந்தப் பள்ளத்தைக் கம்பியில் தொங்கும் கூடையில் உட்கார்ந்து கடந்திருக்கிறார்கள்.

இனிமேல்தான் விஷயம். லாங்சா கிராமத்துக்கு தினமும் பஸ் இல்லை, இருந்த நாளாகப் பார்த்து ஏறினேன். அங்கே ஓடைக் கல்லில் சுருள் சுருளாக அம்மோனைட், கல்லாகிப்போன பழங்கால கடல் உயிரி. இமயமலை எழுவதற்கு முன்னால் அங்கே டெத்திஸ் என்ற கடல் இருந்ததற்கு அடையாளம். உங்க அம்மா பூஜை மாடத்துச் சாளக்கிராமம் இருக்கிறதே, அதே சுருள். எடுக்கக் கூடாது, விரலால் தடவிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். அங்கிருந்து கோமிக் கிராமம் வரை நடை. 4,587 மீட்டர். மடத்து வாசலில் ஒரு பையன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான், இருபத்தைந்து வயது இருக்கும். முந்தின நாள்தான் மணாலியிலிருந்து காரில் வந்தவர்கள். வாந்தி எடுத்திருந்தான். “அசதி, தூங்கினால் சரியாகிவிடும்” என்றார்கள் கூட வந்தவர்கள். அவனை எழுப்பி, குதிகாலை மறு பாதத்தின் விரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னேன். மூன்றாவது அடியில் பக்கவாட்டில் சாய்ந்தான். திரும்ப நிறுத்தினோம், திரும்பவும் அதே பக்கம். முகத்தில் பயம் இல்லைடா, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. தான் சாய்வதே அவனுக்குத் தெரியவில்லை.

அது உயரத்தால் மூளை வீங்குவதன் அறிகுறி. தூங்க விட்டால் எழாமலே போகலாம். அங்கிருந்த ஒரு துறவியும் நானும் கத்தாத குறையாகச் சொல்லி, காரில் ஏற்றி காஜா மருத்துவமனைக்கு இறக்கினோம். ஆக்சிஜன் வைத்தார்கள். மறுநாள் காலையில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். அன்றே பியோ பக்கம் கீழே அனுப்பிவிட்டார்கள். கவனி, பியோ பக்கம். மணாலி பக்கம் திரும்ப வேண்டுமென்றால் நோயாளியைத் தூக்கிக்கொண்டு குன்சும் ஏற வேண்டும். இறங்க வேண்டியவனை இன்னும் தொள்ளாயிரம் மீட்டர் மேலே கொண்டுபோக முடியுமா?

நீ எப்படிப்பட்டவன் என்று எனக்குத் தெரியும். தலைவலி என்றால் சொல்ல மாட்டாய். ஒட்டகம் அதைவிட மோசம். குருவிக்கு சல்ஃபா மாத்திரை ஆகாது, அன்றைக்கு உடம்பெல்லாம் தடித்ததே. மலையேறுபவர்கள் உயர நோய்க்குப் போடும் டயமாக்ஸ் மாத்திரை அந்த வகையைச் சேர்ந்ததுதான். யாரும் டாக்டரைக் கேட்காமல் அதைக் கடையில் வாங்கி வாயில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

பன்னிரண்டு நாள் லீவு கேள். கிடைக்காவிட்டால் அடுத்த ஜூன் வரை பொறு, மலை எங்கேயும் போகாது. நானும் வருகிறேன். ஜன்னல் சீட் உனக்கு, சண்டை வேண்டாம். ஹிக்கிம் தபால் நிலையத்திலிருந்து உனக்கு ஓர் அட்டை போட்டேன், 4,400 மீட்டரில் இருக்கிறது, 1983-இலிருந்து நடக்கிறது. வந்து சேர்ந்ததா? அதில் ஒரே வரிதான் எழுதியிருந்தேன், பென்சிலில், விரல் விறைத்துப்போனதால் கோணல் மாணலாக. இந்தக் கடிதம் வந்ததும் படித்துவிட்டு அந்தக் கார்க்காரனுக்கு போன் போட்டு வேண்டாம் என்று சொல். சொன்னதும் எனக்குத் தெரியப்படுத்து.

அன்புடன்,
உன் மாமன்