கருணை எங்கே இருக்கிறது?

சேகர்,

உன் கடிதம் வந்து நாளாயிற்று. குறுவை அறுத்த கையோடு மழை பிடித்துக்கொண்டது, கொள்முதல் நிலையத்தில் ஈரம் 17 சதவீதத்துக்கு மேலே இருக்கிறது என்று நெல்லை எடுக்கவில்லை, களத்தில் குவியலுக்குக் காவல் கிடந்தபோதுதான் நீ சொன்ன ‘12 ஆங்ரி மென்’ படத்தைப் பார்த்தேன். 1957-இல் எடுத்தது மாதிரியே இல்லை. அப்பாவைக் கொன்றதாகப் பிடிபட்ட சேரிப் பையன் குற்றவாளியா என்று பன்னிரண்டு ஜூரிகள், அதாவது தீர்ப்புச் சொல்லக் கூட்டிய சாதாரண ஆட்கள், ஒரே அறையில் உட்கார்ந்து ஒருமனதாக முடிவு செய்ய வேண்டும், அதுதானே கதை.

ஆனால் நீ அதைக் கருணையின் படம் என்கிறாயே, அதில் எனக்குச் சம்மதம் இல்லை. முதல் ஓட்டில் தனியாக மறுத்து நிற்கும் ஜூரி ஹென்றி ஃபோண்டா அந்தப் பையன் பட்ட கஷ்டத்தை எடுத்துச் சொல்கிறார், சரி. ஆனால் அவன் குற்றவாளி இல்லை என்று அவர் எங்கேயும் அடித்துப் பேசவில்லை, தெரியவில்லை என்றுதான் சொல்கிறார். தெரியாமல் ஒருத்தனை மின்சார நாற்காலிக்கு அனுப்ப முடியாது, அவ்வளவுதான் அவர் கட்சி. அது நியாயம். கருணை கடைசியில் வருகிறது: மகன் மேல் உள்ள ஆத்திரத்தையெல்லாம் அந்தப் பையன் மேல் கொட்டித் தீர்த்த மூன்றாம் ஜூரி மகனோடு எடுத்த போட்டோவைக் கிழித்துவிட்டு அழுகிறாரே, எல்லோரும் வெளியே போன பிறகு ஃபோண்டா அவருடைய கோட்டை எடுத்து வந்து மாட்டிவிடுகிறார். ஒரு வார்த்தை பேசவில்லை.

என்னை உறுத்துவது ஏழாம் ஜூரிதான். பேஸ்பால் டிக்கெட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சீக்கிரம் முடிந்தால் போதும் என்று கட்சி மாறுகிறான். கடிகாரம் செய்கிற இன்னொரு ஜூரி ஏன் மாறினாய் என்று அவனைக் கேட்டு உலுக்குகிறார், இருந்தாலும் அவன் ஓட்டும் சேர்ந்துதானே பையன் பிழைத்தான்? மனசு அழுக்கு, முடிவு சரி. இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

அப்புறம் நம்ம கீழ்வெண்மணி. 1968-இல் தலித் கூலித் தொழிலாளர் குடும்பங்களில் 44 பேர் குடிசைக்குள் வெந்து செத்தார்கள். கீழ்க்கோர்ட்டு தண்டித்த மிராசுதார்களை ஹைகோர்ட் விட்டுவிட்டது, அந்தஸ்துள்ளவர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கஷ்டமாம். அதுவும் சந்தேகத்தின் பலன்தான். படத்தில் சேரிப் பையனுக்கு அதை வாங்கிக்கொடுக்க ஒருவர் பதினோரு பேரோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது, இங்கே கார் வைத்திருந்தவர்களுக்குத் தானாகவே கிடைத்தது.

நீ கோர்ட்டில் குமாஸ்தாவாகக் குப்பை கொட்டினவன், ஏழாம் ஜூரி மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருப்பாய். எழுது. சம்பா நாற்று விட்டாச்சு, தண்ணீர் கடைமடைக்கு இன்னும் வரவில்லை.

உன்,
ராமு