துவைத்த தண்ணீரோடு போகும் நூல்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் ஊர் நொய்யல் ஆற்றில் குப்பை அள்ளும் படங்கள் பேப்பரில் அடிக்கடி வருகின்றன. கேரி பேக், பாட்டில், தெர்மாகோல் எல்லாம் மூட்டை மூட்டையாக அள்ளுகிறார்கள், நல்ல காரியம், நானும் இரண்டு தடவை போயிருக்கிறேன். ஆனால் கையால் அள்ளவே முடியாத பிளாஸ்டிக் ஒன்றும் அதே தண்ணீரில் போய்க்கொண்டிருக்கிறது. அதைப் பற்றி முதலில் பேச வேண்டியவர்கள் திருப்பூர்க்காரர்களான நாம்தான்.

நான் இருபது வருடமாக பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். ஆரம்பத்தில் மேஜைக்கு வந்ததெல்லாம் காட்டன். இப்போது பாலியஸ்டர் பீஸ் ஏகப்பட்டது வருகிறது. தண்ணீர் பாட்டில் செய்கிற அதே பிளாஸ்டிக்கை உருக்கி நூலாக இழுத்தால் அதுதான் பாலியஸ்டர். துவைக்கிற ஒவ்வொரு தடவையும் அந்தத் துணியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத இழைகள் உதிர்கின்றன என்று படித்ததும் மனசு கேட்கவில்லை. போன மாதம் வாஷிங் மெஷின் தண்ணீர் வெளியே வரும் குழாய் முனையில் பழைய வெள்ளை வேட்டித் துணியை நான்காக மடித்துக் கட்டிவிட்டு, பையனுடைய சிவப்பு விளையாட்டு பனியன் இரண்டையும் ஒரு நீலப் போர்வையையும் போட்டுத் துவைத்தேன். துணி காய்ந்ததும் அதன் மேல் சாம்பல் நிறத்தில் மெல்லிய படலம். விரலால் வழித்தபோது சுண்டைக்காய் அளவுக்கு ஒரு உருண்டை வந்தது, வெயிலில் பிடித்துப் பார்த்தால் உள்ளே நீலமும் சிவப்புமாக இழைகள். காட்டனா பாலியஸ்டரா என்று சந்தேகம் வந்தால் கம்பெனியில் நூலைக் கொளுத்திப் பார்ப்போம், காட்டன் காகிதம் போல எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் சுருங்கி உருகி கெட்டியான கறுப்பு மணியாக நின்றுவிடும். இந்த உருண்டையையும் கொளுத்தினேன். கறுப்பு மணிதான் மிஞ்சியது.

இது ஒரு வீட்டில் ஒரு நாள் துவைத்தது, அதுவும் வேட்டித் துணியில் சிக்கியது மட்டும். அதற்குள் நுழைந்து போனது எவ்வளவோ. எங்கள் தெருச் சாக்கடை ஜம்மனை ஓடைக்குப் போகிறது, ஓடை நொய்யலுக்கு, நொய்யல் ஒரத்துப்பாளையம் அணை தாண்டி கரூர் பக்கம் காவிரியில் கலக்கிறது. காவிரித் தண்ணீரை யார் யார் குடிக்கிறார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஐந்து மில்லிமீட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் துணுக்கு எல்லாமே மைக்ரோபிளாஸ்டிக் கணக்கில்தான் வரும். கரையில் கிடக்கும் கேரி பேக்கும் வெயிலில் காய்ந்து, தொட்டால் பொடியும் பதத்துக்கு வந்து, மழையில் ஆற்றுக்குள் போய்விடுகிறது. ரோட்டில் டயர் தேய்ந்து விழும் தூசியும் அப்படித்தான். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் கட்டினால் போதாதா என்று கேட்பார்கள். அங்கே இழைகளில் பெரும்பகுதி தங்கிவிடும் என்பது உண்மை, ஆனால் தங்குவது சேற்றில். அந்தச் சேற்றை எருவென்று வயலில் கொட்டினால் திரும்பவும் மழை, வாய்க்கால், ஆறு.

சாயப்பட்டறைத் தண்ணீருக்காக இந்த ஊர் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவில் பட்டறைகள் மூடப்பட்டன, ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக் கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. ஆனால் சாயம் கண்ணுக்குத் தெரிந்தது, ஆறே நிறம் மாறியது, அதனால் வழக்குப் போட முடிந்தது. இந்த இழை ஆற்றின் நிறத்தை மாற்றுவதும் இல்லை, நாறுவதும் இல்லை, அது வருவதும் வீட்டுக்கு வீடு. நம் ஊர்ப் பறவைகள் சரணாலயமான நஞ்சராயன் குளத்துக்கு 2024-இல் ராம்சர் அங்கீகாரம், அதாவது உலக அளவில் முக்கியமான நீர்நிலை என்ற தகுதி, கிடைத்தபோது எவ்வளவு சந்தோஷப்பட்டோம்! அந்தக் குளத்துப் பறவை தின்கிற மீன் என்ன தின்கிறது என்பதையும் பார்க்க வேண்டாமா?

புது வாஷிங் மெஷின்களில் இழை வடிகட்டி இருக்க வேண்டும் என்று பிரான்ஸ் 2020-லேயே சட்டம் போட்டது. நம் அரசும் அதைக் கேட்கலாம், துணி விற்கும் ஊர் என்ற முறையில் ஏற்றுமதியாளர் சங்கங்களே முன்வந்து கேட்டால் இன்னும் நல்லது. அதுவரை மெஷினுக்குள் இருக்கும் பஞ்சுப் பையைக் குழாயடியில் கழுவாமல், காயவைத்து உதறிக் குப்பையில் போடுவோம். கம்பெனிகளில் துணி வெட்டி மிஞ்சும் கட்டிங் வேஸ்ட்டை ஓடைக் கரையில் கொட்டுவதை நிறுத்தச் சொல்லி அதிகாரிகளிடம் எத்தனையோ முறை சொல்லியாயிற்று. அப்புறம் மாநகராட்சிக்கு ஒரு வேண்டுகோள், சாக்கடை தூர்வாரும்போது அள்ளிய சேற்றை அதே கரையில் நாள்கணக்கில் குவித்து வைக்காதீர்கள். அடுத்த மழைக்கு அது அத்தனையும் திரும்ப உள்ளேதான் போகிறது.

இப்படிக்கு,
திருப்பூர் வாசகர்