என்னைக் கேட்காமல் என் பாலிசியில் ஏற்றப்பட்ட கிளைமை ரத்து செய்யக் கோரும் புகார்

அனுப்புநர்:
தங்கள் நிறுவனத்தின் கார் பாலிசிதாரர்,
திருநகர், மதுரை.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
மோட்டார் இன்சூரன்ஸ் பிரிவு.

நகல்: கிளை மேலாளர், மதுரை.

பொருள்: எதிர்த்தரப்பு கார் ஓட்டுநர் கொடுத்த தவறான கிளைமை ஏற்றதற்கு ஆட்சேபம், நோ கிளைம் போனஸைத் திரும்பத் தரக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். கீழ மாசி வீதியில் நின்றுகொண்டிருந்த என் காரை, முன்னால் நின்ற கார் ரிவர்ஸில் வந்து தட்டியது. தட்டியவரே இப்போது, நான் பின்னால் வந்து மோதியதாகச் சொல்லி என் பாலிசியில் இழப்பீடு கேட்டிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நீங்களும் அதை ஏற்றுக்கொண்டீர்கள். எனக்கு முதலில் வந்தது ‘உங்கள் கிளைம் பதிவு செய்யப்பட்டது’ என்ற குறுஞ்செய்தி. நான் எந்தக் கிளைமும் போடவில்லையே என்று குழம்பி, டோல் ஃப்ரீ எண்ணில் விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அப்புறம் வந்த புதுப்பிப்பு நோட்டீஸில், 45 சதவீதத்தில் இருந்த என் நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் இல்லாத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, பூஜ்யமாகியிருந்தது.

நடந்ததை அன்றைக்கே உங்கள் மின்னஞ்சலுக்குத் தேதி, நேரம், படங்களோடு எழுதி அனுப்பியிருக்கிறேன். ஆனாலும் இதுவரை யாரும் அதைப் படித்ததாகத் தெரியாததால் இங்கே மறுபடி சொல்கிறேன்.

வீட்டு விசேஷத்துக்கு மளிகைச் சாமான் வாங்க நானும் என் மனைவியும் காலையில் போயிருந்தோம். காலை நேரத்தில் கீழ மாசி வீதி எப்படி இருக்கும் என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒருபக்கம் லோடு வண்டிகள், மறுபக்கம் தள்ளுவண்டிகள், நடுவில் மூடை சுமந்து வருகிறவர்கள். தேர்முட்டிக்குச் சற்று முன்னால், ஒரு மினி லாரியிலிருந்து மிளகாய் வத்தல் மூடைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு முன்னால் ஒரு கார், அதற்கும் முன்னால் அந்த லாரி. நான் இன்ஜினை அணைத்து ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். லாரிக்காரர் எடுக்கமாட்டார் என்று தெரிந்ததும் முன்னால் இருந்தவர், பின்னால் வண்டி நிற்கிறதா என்று பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்தார். ஹாரனை அழுத்தினேன். அதற்குள் அவர் பம்பர் என் நம்பர் பிளேட்டில் இடித்துவிட்டது. நடந்து வரும் வேகம்தான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இறங்கிப் பார்த்தோம். அவர் வண்டியின் பின் பம்பரில், சரியாக நடுவில், என் நம்பர் பிளேட்டின் இரண்டு ஸ்க்ரூவும் பதிந்த இரண்டு சின்னக் குழிகள். அவற்றுக்கு நடுவே பிளேட்டின் விளிம்பு உரசிய ஒரு மெல்லிய கோடு. என் வண்டியில் பிளேட் வளைந்திருந்தது, அவ்வளவுதான். அவர் வண்டியின் டெயில் லேம்ப் உடையவில்லை, டிக்கி கதவு ஒழுங்காகத் திறந்து மூடியது. அவரே திறந்து மூடிப் பார்த்தார். இதெல்லாம் நான் எடுத்த படங்களில் இருக்கிறது. அந்தச் சமயத்தில் அவர் சொன்னது, “ஐயாயிரம் குடுத்துருங்கண்ணே, இங்கேயே பேசி முடிச்சுக்குவோம்.” தட்டியவர் நீங்கள், நான் எதற்குக் கொடுக்க வேண்டும் என்று மறுத்தேன். என் இன்சூரன்ஸ் காகிதத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் பணம் கொடுக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் பாலிசியின் இரண்டாவது நிபந்தனையைப் படித்தவன் நான். நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் பாலிசிதாரர் எந்தப் பொறுப்பையும் ஒப்புக்கொள்ளவோ, வாக்குக் கொடுக்கவோ, பணம் கொடுக்கவோ கூடாது என்கிறது அது. முதல் நிபந்தனைப்படி விபத்தை உடனே உங்களுக்குத் தெரிவித்தேன். இரண்டாவது நிபந்தனைப்படி எதையும் ஒப்புக்கொள்ளாமல் வந்தேன். இப்படி நான் ஒப்புக்கொள்ளாத குற்றத்தை, நான் இல்லாத இடத்தில், என் பெயரில் நீங்கள் ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். வழக்கையோ சமரசத்தையோ என் பெயரில் எடுத்து நடத்தும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு என்பதும் அதே நிபந்தனையில் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எடுத்து நடத்துகிறவர் முதலில் தன் கட்சிக்காரரைத்தானே கேட்க வேண்டும்? நீங்கள் எதிராளியை மட்டும் கேட்டிருக்கிறீர்கள்.

இனி அவருடைய கிளைமுக்கு வருகிறேன். கிளை அலுவலகத்தில் ஓர் அலுவலர் கம்ப்யூட்டரில் எதிராளி கொடுத்த படங்களைக் காட்டினார். நகல் கேட்டதற்குத் தர மறுத்துவிட்டார். பின் பம்பர், இடது டெயில் லேம்ப், இடது பின் மட்கார்டு, இடது பின் கதவு என்று பட்டறை எஸ்டிமேட் 23,400 ரூபாய்க்கு நீள்கிறது. நேர் பின்னால் நின்ற வண்டி பக்கவாட்டுக் கதவை எப்படி இடிக்கும்? கதவில் இருப்பது முன்னிருந்து பின்னாக இழுத்த நீளமான கீறல். தூணிலோ சுவரிலோ உரசினால்தான் அப்படி வரும். மட்கார்டில் இருக்கும் டொக்கைத் தயவுசெய்து பெரிதாக்கிப் பாருங்கள். பெயின்ட் உடைந்த ஓரத்தில், பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டி கனமாகத் தெரிகிறது, அது உதிர்ந்த இடத்தில் தகரம் பழுப்பேறித் துருப்பிடித்திருக்கிறது. பட்டி இருக்கிறது என்றாலே அந்த இடம் ஏற்கெனவே ஒருமுறை அடிபட்டு, டிங்கரிங் பார்த்து, பெயின்ட் அடித்த இடம் என்றுதான் அர்த்தம். எந்த டிங்கர் பட்டறையில் கேட்டாலும் சொல்வார்கள். சேதத்தை மதிப்பிடும் உங்கள் சர்வேயருக்குத் தெரியாமலா இருக்கும்? நம்பர் பிளேட் ஸ்க்ரூ பதிந்த அந்த நடு பம்பரைத் தவிர மற்ற எல்லாம் பழைய அடி.

சிக்னலில் நின்றபோது பின்னால் வந்து மோதியதாக அவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். நாங்கள் நின்ற அந்தக் கடை வரிசையில் சிக்னல் ஏது? எதிரே இருந்த பலசரக்குக் கடையின் கேமராவில் எல்லாமே பதிவாகியிருக்கிறது. கடைக்காரர் நல்ல மனிதர். பதிவு அழிந்துவிடுமே என்று நான் கேட்டதும், வியாபார நேரத்திலும் உட்கார்ந்து தேடி எடுத்து என் போனுக்கு அனுப்பினார். முன்னால் நிற்கும் காரின் ரிவர்ஸ் லைட் வெள்ளையாக எரிவதும், கார் பின்னால் வருவதும், என் கார் அசையாமல் நிற்பதும் அதில் தெளிவாகத் தெரிகின்றன. இதையும் உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். யாராவது திறந்து பார்த்தார்களா?

சர்வேயர் அவர் வண்டியைப் பார்த்திருக்கிறார். என் வண்டியை இதுவரை எவரும் வந்து பார்க்கவில்லை. இரண்டு வண்டியையும் பக்கத்தில் நிறுத்தி உயரம் அளந்தால் ஐந்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். இதற்காகவே வளைந்த பிளேட்டை மாற்றாமல் வைத்திருக்கிறேன்.

கிளையில் எனக்குச் சொன்ன சமாதானம்: “சின்னத் தொகைதான் சார். கம்பெனிதானே குடுக்குது, உங்களுக்கு என்ன நஷ்டம்?” என் நஷ்டத்தைச் சொல்கிறேன். கிளைம் இல்லாத முதல் வருடத்துக்கு 20 சதவீதம், பிறகு 25, 35, 45, ஐந்தாவது வருட முடிவில் 50 என்று நோ கிளைம் போனஸ் படிப்படியாக ஏறுகிறது. இந்தப் புதுப்பிப்பில் எனக்கு 50 வர வேண்டும். சொந்த வண்டியின் சேதத்துக்கான ஓ.டி. பிரீமியம் 8,000 ரூபாய் என்றால் அதில் பாதி, 4,000 ரூபாய், எனக்குக் கழியும். அது போனால் மறுபடி 20-இல் தொடங்கி அந்த இடத்துக்கு வர இன்னும் ஐந்து வருடம் ஆகும். பணத்தை விடவும் எனக்கு உறுத்துவது வேறொன்று. நாளைக்கு நான் வேறு கம்பெனிக்கு மாறினால், கிளைம் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அவர்கள் உங்களிடம் சரிபார்ப்பார்கள். உங்கள் பதிவைப் பார்த்துவிட்டு, என்னைப் பொய் சொன்னவன் என்பார்கள். ஒரு குற்றமும் செய்யாத எனக்கு இந்தப் பெயர் ஏன்?

அடிப்படையிலேயே இதில் ஒரு தவறு இருக்கிறது. நோ கிளைம் போனஸ் என்பது ஓ.டி., அதாவது என் சொந்த வண்டியின் சேதத்துக்கான பகுதியைச் சேர்ந்தது. மூன்றாம் தரப்பினர் கேட்கும் இழப்பீட்டால் அது குறையாது. அப்படியிருக்க, அவர் வண்டிக்கான கிளைமை என் ஓ.டி. பகுதியில் ஏற்றியது எப்படி? என் வண்டி சேதத்துக்குக் கிளைம் போட என்னால்தான் முடியும். நான் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடவில்லை. போட்டதாக உங்களிடம் படிவம் இருந்தால் காட்டுங்கள்.

நான் மோதியதாக அவர் உண்மையிலேயே நம்பினால், அதற்கு வழி இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 166-இன் கீழ் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். அங்கே இரு தரப்பையும் விசாரிப்பார்கள், கேமரா பதிவையும் பார்ப்பார்கள். அவர் அங்கே போகவில்லை, காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கவில்லை. அவரிடம் முழு பாலிசி இருந்தால் தன் ஓ.டி.யிலேயே கிளைம் வாங்கியிருக்கலாம். வாங்கினால் அவருடைய போனஸ் போகும். அதைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் என் பாலிசிக்கு வந்திருக்கிறார் என்று நான் நினைக்கிறேன். அவர் கேட்டது அவருடைய சாமர்த்தியம் என்று விட்டாலும், விசாரிக்காமல் கொடுக்கச் சம்மதித்தது உங்கள் பொறுப்பு.

எனவே கேட்டுக்கொள்வது: என் பாலிசியில் ஏற்றிய இந்தக் கிளைமை முழுவதுமாக ரத்து செய்யுங்கள். ‘கிளைம் முடிக்கப்பட்டது’ என்று மாற்றிவைத்தால் போதாது. ரத்து என்று பதிவில் இருக்க வேண்டும், அதை எனக்கு எழுத்தில் தர வேண்டும். 50 சதவீத போனஸுடன் புதுப்பிப்பு நோட்டீஸைத் திருத்தி அனுப்புங்கள். சர்வே அறிக்கை, எதிர்த்தரப்பு கொடுத்த படிவம், படங்கள் மூன்றின் நகலும் எனக்கு வேண்டும். பணம் இன்னும் போகவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள், போய்விட்டது என்றால் எந்த ஆதாரத்தில் போனது என்று சொல்லுங்கள்.

ஒரு மாதத்துக்குள் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தியாக இல்லையென்றாலோ, இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும், சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போவேன். இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளத்திலும் புகாரைப் பதிவு செய்வேன்.

பாலிசி முடியும் நாள் நெருங்குகிறது. இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டியை ரோட்டில் எடுக்க மாட்டேன். 90 நாளுக்கு மேல் புதுப்பிக்காமல் விட்டால் இருக்கும் போனஸும் போய்விடும் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் திருத்திய நோட்டீஸ் வராவிட்டாலும், நீங்கள் கேட்கும் முழுத் தொகையை ஆட்சேபத்துடன் கட்டிவிடுவேன். கட்டியதை, உங்கள் முடிவை ஏற்றுக்கொண்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கூடுதலாக வாங்கிய தொகையை, பாலிசியில் பதிவு செய்திருக்கும் என் வங்கிக் கணக்குக்கே திருப்பி அனுப்புங்கள்.

இணைப்பு: பாலிசி நகல், அன்றைக்கு அனுப்பிய மின்னஞ்சல், இரு வண்டிகளின் படங்கள், கேமரா பதிவு உள்ள பென் டிரைவ், புதுப்பிப்பு நோட்டீஸ்.

இப்படிக்கு,
தங்கள் பாலிசிதாரர்,
திருநகர், மதுரை.