எல்லை பார்க்காமல் புகாரை வாங்குங்கள்

பாலக்காடு, கோவை மாவட்டக் காவல் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். வெளிநாட்டு வேலை என்று ஏமாற்றிக் கடத்தப்படும் பிள்ளைகளுக்காகப் பெற்றோர்கள் தரும் புகார்களைப் பற்றி எழுதுகிறேன். பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு இணையச் சேவை மையம் நடத்துகிறேன். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிப்பது, சான்றிதழ்களை ஸ்கேன் செய்வது, விமான டிக்கெட்டை பிரின்ட் எடுப்பது இதெல்லாம் அன்றாட வேலை. அதனால் வெளிநாடு கிளம்பும் பிள்ளைகளின் காகிதங்கள் அவர்கள் வீட்டாருக்கு முன்பே என் கண்ணில் பட்டுவிடுகின்றன.

கோவையில் டிப்ளமாவோ டிகிரியோ முடித்த பையன்கள்தான் அதிகம். டெலிகிராம் குரூப்பில் வேலை வருகிறது. பேங்காக்கில் டேட்டா என்ட்ரி, சம்பளம் டாலரில், டிக்கெட்டைக் கம்பெனியே எடுத்துத் தரும். வீடியோ காலில் ஒரு டைப்பிங் டெஸ்ட், மறுநாளே ஆஃபர் லெட்டர். ஏஜென்ட்டை யாரும் நேரில் பார்த்ததில்லை. 'வேலைக்குப் போகிறவன் ஏன்டா சுற்றுலாப் பயணியாகப் போகிறாய்?' என்று கேட்டால், 'அங்கே போனதும் விசாவை மாற்றிக் கொடுத்துவிடுவார்கள் அக்கா' என்கிறான்.

அங்கே போனதும் நடப்பது உங்களுக்குத் தெரியும். பேங்காக்கிலிருந்து காரில் தாய்லாந்தின் எல்லை ஊரான மே சோட், அங்கிருந்து மோய் ஆற்றைக் கடந்தால் மியான்மரின் மியாவடி. பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொள்வார்கள். முள்வேலிக்குள் உட்கார வைத்து, பெண் பெயரில் போலிக் கணக்கு தொடங்கி, முன்பின் தெரியாதவர்களிடம் காதல் பேசி, கிரிப்டோவில் பணம் போடவைக்கச் சொல்வார்கள். இலக்கை எட்டாதவனுக்கு அடி, மின்சார ஷாக். வெளியே விட வேண்டுமென்றால் குடும்பம் பணம் கட்ட வேண்டும். மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இப்படிச் சிக்கியிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் சொன்னது. மியாவடியில் மாட்டிய தமிழர்கள் 13 பேர் 2022 அக்டோபரில் சென்னை திரும்பியதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். 2025 மார்ச்சில் மே சோட்டிலிருந்து விமானப்படை விமானங்களில் 549 இந்தியர்கள் அழைத்து வரப்பட்டார்கள்.

நம் சட்டத்தின் பழைய வேலி இந்தப் பிள்ளைகளைத் தடுப்பதே இல்லை. பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் வளைகுடா போன்ற குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போனால்தான் குடிபெயர்வு அனுமதி கேட்கிறார்கள். அந்தப் பட்டியலில் மியான்மரும் கம்போடியாவும் லாவோசும் இல்லை. படித்தவனின் பாஸ்போர்ட்டை யாரும் நிறுத்திப் பார்க்கப் போவதுமில்லை. ஆங்கிலமும் கம்ப்யூட்டரும் தெரிந்தவன்தான் அந்தக் கும்பலுக்கு வேண்டும். ஆக, தடுக்கக்கூடிய முதல் ஆள் அந்தப் பையனின் வீடு, அடுத்தது உங்கள் காவல் நிலையம்.

அந்த நிலையத்தில் இரண்டு பதில்களைக் கேட்டுத்தான் பெற்றோர்கள் திரும்புகிறார்கள். முதலாவது, 'எங்கள் எல்லையில் நடக்கவில்லை'. பையனின் வீடு வேலந்தாவளம் எல்லைச் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் கேரளத்தில், படித்தது கோவையில், விமானம் ஏறியது வேறொரு ஊரில், பணம் போனது வடநாட்டில் யாரோ ஒருவரின் யு.பி.ஐ. கணக்குக்கு. குற்றம் போன் வழியாக வந்திருக்கிறது. அதற்கு எந்தச் செக்போஸ்ட்டைக் காட்டுவது? 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகார் தரலாம் என்கிறது. மின்னணு வழியில் அனுப்பிவிட்டு மூன்று நாட்களுக்குள் கையெழுத்துப் போட்டாலும் போதும். சட்டம் வந்துவிட்டது, எங்கள் ஊர் நிலைய மேசைக்குத்தான் இன்னும் வரவில்லை.

இரண்டாவது பதில், 'அவனே விரும்பித்தானே போனான்'. இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-வது பிரிவு ஆள் கடத்தலைப் பற்றியது. ஏமாற்றியோ ஆசை காட்டியோ ஒருவரைச் சுரண்டலுக்குக் கொண்டுபோனால் அது கடத்தல்தான், பாதிக்கப்பட்டவரின் சம்மதம் கணக்கில் வராது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. குறைந்தபட்சத் தண்டனை ஏழாண்டு. இதை 'வெளிநாட்டு வேலை மோசடி' என்று சாதாரண ஏமாற்று வழக்காகப் பதிந்தால், ஏஜென்ட் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துச் சமாதானம் பேசி முடித்துவிடுவான். அடுத்த குரூப்பையும் தொடங்கிவிடுவான்.

அப்புறம் ஆதாரம். பையனின் போன் அவனோடு போய்விட்டது, குரூப்பைக் கலைத்துவிட்டார்கள், மெசேஜ்கள் தானாக அழிந்துவிட்டன. என்ன செய்வது என்று கை விரிக்காதீர்கள், தடயம் இங்கேயே இருக்கிறது. அக்காவுக்கு அவன் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், அதே குரூப்பில் இருந்து போகாமல் நின்றுவிட்ட நண்பன், டிக்கெட் வந்த மின்னஞ்சல், பணம் அனுப்பியதன் பரிவர்த்தனை எண். முதல் நாளே இவற்றைக் கேட்டு வாங்குங்கள். முறைப்படி எழுத்தில் கேட்டால் சமூக ஊடக நிறுவனங்கள் 72 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும் என்று 2021-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் சொல்கின்றன. புகாரை வாங்காமல் ஒரு வாரம் அலையவிட்டால் கேட்பதற்கு அங்கே எதுவும் மிஞ்சாது.

திரும்பி வரும் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்கள் கையால் மோசடி நடந்திருக்கிறது, உண்மை. நம்மூர் பெரியவர்களே இப்படிப்பட்ட மோசடியில் சேமிப்பை இழந்து சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் போடுகிறார்கள், அவர்களின் வலியை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் முதுகில் அடி விழ விழ டைப் செய்தவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால், அடுத்தவன் வாயே திறக்க மாட்டான். உள்ளே யார் வேலை வாங்கினார்கள், யார் ஆள் பிடித்தார்கள் என்று சொல்லக்கூடிய சாட்சி அவன் ஒருவன்தான்.

இரு மாவட்டங்களிலும் ஆள் கடத்தல் தடுப்புப் பிரிவும் சைபர் பிரிவும் தனித்தனியாக இருக்கின்றன. இந்த வகைப் புகார்களுக்காவது இரண்டும் ஒரே கோப்பில் வேலை செய்யட்டும். பாலக்காட்டில் ஒருவர், கோவையில் ஒருவர் எனப் பொறுப்பாளர்களை நியமித்து, அவர்கள் எண்களைத் தமிழிலும் மலையாளத்திலும் அறிவியுங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் ஏஜென்ட்டின் பதிவைச் சரிபார்ப்பது எப்படி என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால், பாஸ்போர்ட் விண்ணப்பத்தோடு நானே தைத்துக் கொடுக்கிறேன். சந்தேகமான ஆஃபர் லெட்டர் வந்தால் உங்களுக்குச் சொல்லவும் தயார். யாரிடம் சொல்வது என்பதை மட்டும் தெரியப்படுத்துங்கள்.

இப்படிக்கு,
எல்லையோர இணையச் சேவை மையம் ஒன்றை நடத்தும் பெண்